உம் கொட்டும் டப்பா

1

இந்தக் கதையை நான் ஒரு நாளிதழின் பதினோராம் பக்கத்திலிருந்து எடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் வாரத்துக்கு ஒருநாள் விசித்திரச் செய்திகள் போடுவார்கள். அந்த வாரம் மூன்று இருந்தன. திருவெள்ளறையில் ஒரு விவசாயி தன்னைவிட உயரமாகப் புடலங்காய் வளர்த்து, அதன் தோளில் கை போட்டுக்கொள்வதுபோல நின்று போட்டோ எடுத்திருந்தார். உறையூரில் ஒரு தையல்காரர் தன் சைக்கிளுக்கு மழைக்கோட்டு தைத்திருந்தார், பொத்தான் எல்லாம் வைத்து. மூன்றாவது இது:

‘கணவர் பேச்சுக்கு “உம்” கொட்டும் கருவி: ஸ்ரீரங்கம் இல்லத்தரசி அசத்தல்.’

கத்தரித்து வைத்துக்கொண்டேன். இந்த மாதிரித் துண்டுச் செய்திகளைச் சேர்ப்பது என் பழக்கம். ஒரு புடவைப் பெட்டி நிறைய இருக்கின்றன. என் தொழில் குடும்ப நாவல் எழுதுவது. இதுவரை நாற்பத்தொன்று வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் கல்யாணம் நடக்கும், மனஸ்தாபம் வரும், தொண்ணூற்றாறாம் பக்கத்தில் மனைவி மன்னிப்பாள்.*

இந்தச் செய்தி மூன்று நாள் வேலை என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது.

* ஏன் தொண்ணூற்றாறு என்றால், அச்சகத்தில் பதினாறு பக்கத்துக்கு ஒரு படிவம். மாத நாவலுக்கு ஆறு படிவம்தான். என் நாயகிகளின் பொறுமைக்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலில் அவர் பேசிக்கொண்டிருந்தார். அவளுடைய கண்களில் ஒரு’

என்ன ஒரு? அந்தப் பெண்ணின் கண்களை நான் பார்த்ததே இல்லை. போட்டோவில் டப்பாதான் பெரிதாக இருந்தது. அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். அது இன்னும் அங்கேயே நிற்கிறது.

இரண்டாவது தொடக்கத்தில் நாயகிக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. கணவனிடம் சொல்லாமல் மறைக்கிறாள். அவன் பேச்சு எங்கே நிற்கிறது என்று தெரியாததால் தனக்குப் பதிலாக உம் கொட்ட ஒரு கருவி செய்கிறாள். கடைசியில் அவன் தெரிந்துகொண்டு, எழுதிக் காட்டிப் பேசக் கற்றுக்கொள்கிறான். என் வாசகிகள் நிச்சயம் அழுவார்கள். இருபது பக்கம் எழுதிவிட்டு, மரியாதைக்கு ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

(எழுத்தாளர்கள் இந்தத் தவறைச் செய்யக்கூடாது. ஒன்று, போகக் கூடாது. அல்லது, எழுதும் முன்பே போய்விட வேண்டும்.)

3

ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. எதிர்வீட்டு சுராயா டீச்சர்தான் கதவைத் தட்டி அறிமுகப்படுத்தினார். டப்பாவை வீடியோ எடுத்து வெளியிட்டதும் அவர்தான். அதைப் பார்த்துத்தான், கணவர் வெளியே போயிருந்த நேரத்தில், நிருபர் வந்திருக்கிறார். சுராயாவின் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. அறிமுகம் முடிந்ததும் பேப்பர் திருத்த வேண்டும் என்று போய்விட்டார்.

வேணிக்கு ஐம்பத்து நான்கு வயது. உயரம், ஒல்லி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். (நாவல் என்றால் ‘அவள்’ என்று எழுதியிருப்பேன். நேரில் பார்த்தபிறகு வரவில்லை.) என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டார்.

“நீங்க எழுதினது எல்லாம் படிச்சிருக்கேன்க்கா. போன மாசம் வந்துச்சே, அந்த டாக்டர். அவனை அவ எதுக்குக்கா மன்னிச்சா?”

“திருந்திட்டான்ல?”

“நாலு பக்கத்துலயா?”

தண்ணீர் கேட்டேன்.

டப்பா அடுப்படி மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருந்தது. ஜோதி பள்ளிக்கூடம் கொண்டுபோன நீலநிற டிபன் டப்பா அது. ஜோதி அவர்கள் மகள், இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள். மூடியில் ஒரு சின்ன மைக், பக்கவாட்டில் பழைய தொலைபேசியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர். பேச்சுச் சத்தம் ஒன்றரை நொடி நின்றால் டப்பா ஏதாவது ஒன்று சொல்லும். எல்லாம் வேணியின் குரலில் பதிந்தவை.

“பேசிப் பாருங்கக்கா.”

“உங்க வீடு நல்லாக் காத்தோட்டமா இருக்கு” என்றேன்.

“ம்” என்றது டப்பா.

“எங்க வீட்ல இப்படி இல்லை. எதிர்ல கல்யாண மண்டபம் வந்துருச்சு.”

“அப்படியா.”

“மேளச் சத்தத்துல எழுதவே முடியறதில்லை.”

“அப்புறம்?”

எனக்கு இன்னும் பேச வேண்டும்போல இருந்தது. நாற்பத்தொரு நாவல்களில் இவ்வளவு பொறுமையான வாசகர் எனக்கு வாய்த்ததில்லை.

“முதல்ல ‘ம்’ மட்டும்தான்க்கா வச்சிருந்தேன். ரெண்டாம் நாளே ‘ஏன் தொண்டை கட்டியிருக்கா?’ன்னு கேட்டாரு. அப்புறம் அஞ்சு ஆறு தினுசு போட்டேன். மூணு நிமிஷத்துக்கு மேல பேசி நிறுத்தினா ‘சரி விடுங்க’ன்னு சொல்ற மாதிரி செஞ்சேன். நான் அப்படித்தானே சொல்லுவேன்.”

“என்ன பேசினாலுமா?”

“அதுக்கு என்ன தெரியும்? நீளம் மட்டும்தான் தெரியும்.”

காது விஷயத்தை மெல்ல எடுத்தேன். இருபது பக்கத்தைக் காப்பாற்ற அது என் கடைசி முயற்சி.

“எனக்குக் காது நல்லாக் கேக்குதுக்கா. அதானே தொல்லை” என்றார் வேணி.

கணவர் நல்லுசாமி அப்போது வீட்டில் இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்தவர். போன வருடம் ஜூனில் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தார்கள். அங்கே காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு ஒருமுறை, பிறகு சாயங்காலம் என்று அளவாகத்தான் வீட்டில் இருப்பார். இங்கே ஹாலிலிருந்து அடுப்படிக்கு எட்டு அடி.

“முப்பத்தாறு வருஷம் ஒர்க்ஷாப்ல நடந்ததை எல்லாம் சொல்லுவாருக்கா. ஒரு வேகன்ல போல்ட் கழண்ட கதை எனக்கு நாலு தடவை தெரியும். ஹால்ல பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கிட்டு, ஸ்டேஷனைப் பார்த்துக்கிட்டு, முதுகைக் காட்டித்தான் பேசுவாரு. ஆனா ஒரு ‘உம்’ விட்டுப்போச்சுன்னா போதும். ‘கேக்குறியா?’ம்பாரு. மறுபடி முதல்லேர்ந்து.”

“டப்பாவை வச்சுட்டு நீங்க என்ன செய்வீங்க?”

“மொட்டை மாடிக்குப் போயிருவேன். இல்லாட்டி சுராயா வீடு. ஒருமணி நேரம்க்கா, எனக்கே எனக்கு.” அதைச் சொல்லும்போது சிரித்தார்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டேன். எல்லோரும் கேட்டிருப்பார்கள் போல, பதில் தயாராக இருந்தது.

“எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோக்கா. கைலாசபுரம் பேக்டரிக்குப் பரீட்சை எழுதினேன், தொண்ணூத்தாறுல. கல்யாணம் ஆகி ஒரு வருஷம். நல்லாத்தான் எழுதினேன்னு நெனைச்சேன். இன்டர்வியூக்குக்கூடக் கூப்பிடலை. லெட்டரே வரலை. ரெண்டு மாசம் தபால்காரரைப் பார்த்து நின்னேன். அப்புறம் புரிஞ்சுபோச்சு, நம்ம சரக்கு அவ்வளவுதான்னு.” டப்பாவின் மூடியைத் துணியால் துடைத்தார். “இது என்னக்கா, விளையாட்டுச் சாமான்.”

அப்போது அதை நான் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. என் கவனம் காதல் இருக்கிறதா என்பதில் இருந்தது.

“இப்ப சார் என்ன சொல்றாரு?”

“பேசுறதே இல்லைக்கா. பேப்பர்ல வந்து இருபத்திரண்டு நாள் ஆச்சு. ‘பால் வந்துருச்சு’, ‘மோட்டார் போடு’, அவ்வளவுதான்.”

“நிம்மதியா இருக்குமே?”

“முதல் ரெண்டு நாள் இருந்துச்சு.”

பிறகு அவரே சொன்னார். “ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ‘எந்தத் தேதியிலேர்ந்து?’ன்னு. செப்டம்பர்லேர்ந்துன்னேன். ‘எல்லா நாளுமா?’ன்னாரு. எல்லா நாளும்னு எப்படிச் சொல்றது? சாயங்காலம் பாதி நாள் நான், பாதி நாள் அது. அப்புறம் வாயே தொறக்கலை. எதையோ நெனைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. என்னன்னு தெரிஞ்சா தேவலை.”

4

இந்தப் பகுதியில் நான் இல்லை. நல்லுசாமி பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன். கொஞ்சம் கூட்டியிருப்பேன், தொழில் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தை. வீடு மாறினாலும் காய்கறிக்கு அங்கேதான் போவார். சந்தைக்கு வெளியே டீக்கடையில் பழைய கூட்டாளிகள் நாலு பேர் இருந்தார்கள். அழகர்சாமி பேப்பரை விரித்து வைத்திருந்தார்.

“வாய்யா நல்லு. இப்பத்தான் உன்னைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.”

“என்னைப் பத்தியா? நல்லதாவா?”

“ம்” என்றார் அழகர்சாமி.

“டீ சொல்லுப்பா. வெயில் இப்பவே இந்தப் போடு போடுது.”

“அப்படியா?” என்றார் இன்னொருவர், குரலை மெல்லிசாக்கி.

“என்னய்யா ஆச்சு உங்களுக்கு?”

“அப்புறம்?” என்று நாலு பேரும் சேர்ந்து சொன்னார்கள். டீ மாஸ்டர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பிறகு பேப்பரைக் கையில் கொடுத்தார்கள். நல்லுசாமி நின்றபடி படித்தார். படத்தில் இருப்பது வேணிதான். டப்பா ஜோதியுடையதுதான். நீலநிறம்.

“தங்கச்சி பெரிய மூளைய்யா” என்றார் அழகர்சாமி. “நாங்க முப்பத்தாறு வருஷம் உன்கிட்ட மாட்டினோம். ஒருத்தனுக்கும் தோணலை பாரு.”

நல்லுசாமியும் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார். கத்தரிக்காயை டீக்கடையிலேயே மறந்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார்.

5

இங்கே எனக்கு நல்லுசாமிமேல் சந்தேகம் வந்தது. ஆறு மாதம் ஒரு மனிதர் டப்பாவோடு பேசிக்கொண்டிருந்து தெரியாமலா இருக்கும்? வாசகர் நம்புவாரா?

சோதித்துப் பார்த்தேன். என் கணவர் ஹரிஹரசுதன் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏங்க, ஆறு மாசம் நான் பதில் சொல்றதுக்குப் பதிலா ஒரு டப்பா சொன்னா உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

“ம்” என்றார்.

ஆகவே இதை நம்பலாம்.

ஆனால் வேறொரு சிக்கல் இருந்தது. என் திட்டத்தில் நல்லுசாமி நகைச்சுவைப் பாத்திரம். மனைவி உம் கொட்டவில்லை என்பதற்காக இருபத்திரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும் மனிதர் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தார். அவமானம் என்றால் சத்தம் போட்டிருப்பார். கோபம் என்றால் டப்பாவை உடைத்திருப்பார். இவர் தேதி கேட்கிறார்.

‘நல்லுசாமி எதையோ இழந்தவர்போல’

என்று எழுதி நிறுத்தினேன். எதை என்று தெரியாமல் ‘எதையோ’ என்று எழுதுவது என் பழைய தந்திரம். இந்த முறை போய்க் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

6

மாலை நான்கு மணிக்கு அவர் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பெஞ்சில் இருப்பார் என்று வேணி சொல்லியிருந்தார். இருந்தார். குள்ளமான மனிதர், சட்டைக் காலர் மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார்.

“உக்காருங்க மேடம். உங்க புத்தகம் வந்தா அன்னைக்கு வீட்ல குழம்பு கொஞ்சம் தீயும்.”

அவர் பேசாத மனிதர் என்று நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். சரக்கு ரயில் ஒன்று கடந்துபோகும் வரை காத்திருந்துவிட்டு அவரே ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை, தண்டவாளத்தைப் பார்த்தார்.

“அவளுக்கு ஒரு லெட்டர் வந்துச்சுங்க. தொண்ணூத்தாறுல. கைலாசபுரத்துலேர்ந்து.”

நான் ‘ம்’ என்று சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் இருந்தேன்.

“மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்ற வழியில தபால்காரரு என் கையில குடுத்தாரு. பிரிச்சுப் பார்த்தேன். இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருந்தாங்க. சைக்கிள்ல ஒரு காலை ஊனி நின்னேன். அப்படியே ஒர்க்ஷாப்புக்குத் திரும்பிப் போயி, கொல்லுப் பட்டறை உலையில போட்டுட்டேன்.”

“ஏன் சார்?”

“மத்தியானச் சங்கு ஊதினா வீட்டுக்கு வருவேன். கதவைத் தொறந்தா அவ நிப்பா. சோறு சூடா இருக்கும். அது நின்னுபோயிருமேன்னுதான். ஒரு வாய் சோத்துக்காகங்க. கேட்டாக் கேவலமா இருக்கும்.”

“இருக்கு” என்றேன்.

தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது போல இருந்தது.

“இருபத்தொம்போது வருஷம் சொல்லலை. டிசம்பர்ல கோயில்ல பகல் பத்து நடந்துச்சுல்ல, கூட்டத்துல வெளிய போக முடியாம வீட்லயே கெடந்தேன். அவ அடுப்படியில. அன்னைக்கு எப்படியோ வாயில வந்துருச்சு. மூஞ்சியைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. முதுகைக் காட்டிக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். நடுவுல ‘ம்’னா. ‘அப்புறம்?’னா. முடிச்சதும் ‘சரி விடுங்க’ன்னா. அழுதுட்டேன் மேடம். அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன். மறுநாள் காபி குடுக்கும்போது மூஞ்சியைப் பார்த்தேன். சாதாரணமா இருந்தா. எப்பேர்ப்பட்ட மனுஷின்னு நெனைச்சேன்.”

பெஞ்சின் விளிம்பை விரலால் தட்டினார்.

“அந்த டப்பாவுக்கு ‘சரி விடுங்க’ தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். நாவலில் சொல்லியிருப்பேன்.

“தெரியும். மூணு நிமிஷத்துக்கு மேல பேசினா அதைத்தான் சொல்லும்.”

“நான் அரைமணி நேரம் பேசினேன்.”

“அவங்களுக்குத் தெரியாது சார். லெட்டரே வரலைன்னுதான் இன்னும் நெனைச்சுக்கிட்டிருக்காங்க. தான் தேறலைன்னு.”

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை ஒற்றிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க இதை எழுதிருங்களேன். பேரை மாத்தி. உங்க கதைன்னா ஒரு வரி விடமாட்டா. அவளே புரிஞ்சுக்குவா.”

அவர் என்ன கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மனைவி, கேட்பதற்கு ஒரு டப்பா செய்தார். கணவர் சொல்வதற்கு ஒன்று தேடுகிறார். அதற்கு நாற்பத்தொரு நாவல் எழுதிய அனுபவம் இருக்கிறது.

“எழுதுறேன். ஆனா நீங்க அவங்ககிட்ட சொன்னதுக்கு அப்புறம்தான் அச்சுக்குப் போகும். அதுவும் அவங்க சரின்னாத்தான்” என்றேன். “இந்தத் தடவை எதிர்ல உட்கார்ந்து சொல்லுங்க.”

“மூஞ்சியைப் பார்த்தா வராது மேடம்.”

“அவங்க ரெண்டு மாசம் தபால்காரர் மூஞ்சியைப் பார்த்தாங்களாம்.”

அவர் மறுபடி தண்டவாளத்தைப் பார்த்தார். நானும் கிளம்பிவிட்டேன்.*

* இப்படிக் குத்தலாகப் பேசுகிறவள் இல்லை நான். காவிரிப் பாலம் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுதும்போது சொற்களை ஆறு முறை மாற்றலாம். பேசியது அப்படியே போய்விடுகிறது.

7

அவர் சொல்வாரா என்று தெரியாத பத்து நாட்களில், கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு. பகல் பத்து அன்று வேணி மொட்டை மாடியிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடுகிறார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்கிறார். டப்பாவை அணைத்துவிட்டு, தன் வாயாலேயே ‘சரி விடுங்க’ என்கிறார். இதை எழுதி முடித்ததும் இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன், பாயசம்கூட வைத்தேன். பிறகு, ‘நம்ம சரக்கு அவ்வளவுதான்’ என்று மூடியைத் துடைத்த கை ஞாபகம் வந்தது. தெரிந்தவர் அப்படித் துடைக்கமாட்டார்.

இரண்டாவது முடிவு. கடிதம் எரியவில்லை. உலையில் போட்டதாக நல்லுசாமி நினைத்தாரே தவிர, அது டிபன் பைக்குள்ளேயே

இல்லை. காகிதம் எரியும். கொல்லுப் பட்டறை உலையில் நன்றாகவே எரியும்.

மூன்றாவது முடிவு. நல்லுசாமி சொல்லவே இல்லை. வேணி டப்பாவைப் பிரித்துப்போடுகிறார். நாளடைவில் கணவர் மறுபடி பேச ஆரம்பிக்கிறார், இவர் மறுபடி உம் கொட்டுகிறார். வேகனில் ஐந்தாவது முறை போல்ட் கழல்கிறது. மூன்றில் இதுதான் நடக்கக்கூடியது. இந்த ஊரில் ஸ்ரீரங்கம் தொடங்கிப் பொன்மலை வரை எத்தனையோ வீடுகள் இப்படித்தான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இந்த முடிவில் வேணி சாகும்வரை தேறாதவராகவே இருப்பார். அதை எழுதிவிட்டு என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

என் நாயகிகள் யாரும் எதற்கும் பரீட்சை எழுதியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்தொரு பேரில் ஒருத்திகூட.

8

நேற்று மாலை நல்லுசாமி போன் செய்தார்.

“சொல்லிட்டேன் மேடம்.”

“எதிர்லயா?”

“எதிர்லதான். டப்பா ஒயரைக்கூட நானே கழட்டி வச்சேன். அவ பீன்ஸ் நறுக்கிக்கிட்டிருந்தா. நறுக்கிறதை நிறுத்தலை.”

“நடுவுல ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணுமே சொல்லலை. ஒரு ‘ம்’கூட இல்லைங்க. முடிச்ச பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா. ‘எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க?’ன்னா. ‘ஒன்பதரை’ன்னேன். ‘கேட் பேரு போட்டிருந்துச்சா?’ன்னா. மெயின் கேட்டுன்னு ஞாபகம்னேன். ‘சரி’ன்னுட்டு குக்கர் வச்சா. அப்புறம் எதுவுமே பேசலை. திட்டினாத் தேவலை மேடம். மன்னிச்சுட்டாளா, இல்லையா? நீங்க எத்தனை எழுதியிருக்கீங்க. உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியாது சார்” என்றேன். அது உண்மை.

இன்று காலை எட்டரைக்கு மறுபடி கூப்பிட்டார். வேணி குளித்து, கஞ்சி போட்ட பச்சைக் கரைப் புடவை கட்டிக்கொண்டு, ஒரு பைலில் சர்டிபிகேட்டுகளையும் ஒரு டப்பாவில் தயிர்சாதத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். எங்கே என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறார். பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாராம்.

“சோறு வச்சுட்டுத்தான் போயிருக்கா” என்றார். “மூடி வச்சிருக்கா. எனக்குத் தொடத் தோணலை.”

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கி, துவாக்குடி பஸ் பிடித்தால் கைலாசபுரம். இந்த நேரத்தில் கூட்டம் இருக்கும், ஆனால் ஒன்பதேகாலுக்குள் போய்விடலாம். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டேன். வாசல்வரை போனேன். வேணி அங்கே நிற்கிறாரா, நின்றால் எப்படி நிற்கிறார் என்று பார்த்துவிட்டால், இந்தக் கதைக்கு நான் இதுவரை எழுதியதிலேயே நல்ல கடைசிப் பக்கம் கிடைக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். இருபத்தொன்பது வருடம் தாமதமாகப் போகும் இன்டர்வியூவுக்கு வேடிக்கை பார்க்க ஆள் வேண்டாம்.

அவர் ஓசூர் பஸ்ஸும் ஏறியிருக்கலாம். மகள் இருக்கிறாள். சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு, வேலைக்கு ஆள் எடுக்கும் ஏதாவது ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ போயிருக்கலாம், ஐம்பத்து நான்கு வயதில் சிரிக்கமாட்டார்கள் என்று நம்பி. காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்குத் திரும்பியும் வரலாம். இந்த நான்கையும் என்னால் எழுத முடியும். நான்குக்குப் பிறகும் அவரைக் கணவரிடம் கொண்டுவந்து சேர்க்கவும் முடியும். கை அப்படிப் பழகிவிட்டது. அதனால்தான் எழுதவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வேணி சம்மதிக்காமல் இந்தக் காகிதங்கள் என் மேஜையை விட்டு நகராது. எனவே நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவர் சம்மதித்திருக்கிறார். அதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டாம். மன்னித்தவரும் சம்மதிக்கலாம். ஊருக்கே தெரியட்டும் என்று நினைத்தவரும் சம்மதிக்கலாம். தன்னைக் கூப்பிட்டிருந்தார்கள் என்பது அச்சில் வர வேண்டும் என்று மட்டுமே ஒருவர் சம்மதிக்கலாம்.

இப்போது மணி ஒன்பது இருபது. அவரை எங்கே நிறுத்துவது என்பதை உங்களிடம் விடுகிறேன். பேக்டரி வாசலில் நிறுத்தினால் வெயில் படாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். நல்லுசாமியை அடுத்த பஸ்ஸில் கொண்டுவந்து பக்கத்தில் இறக்கிவிடாதீர்கள். அது நான் செய்யும் வேலை.